டவுன்லோட் ஆன ஃபைலைச் சோதிப்பது யார் வேலை: பிரவுசரா, ஆன்டிவைரஸா?

பிரவுசரே வைரஸ் பார்த்துவிட்டால் ஆன்டிவைரஸ் தனியாக எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் பார்ப்பது ஒன்றையே அல்ல.

ஒரு செட்டப் ஃபைல் இறங்கியதும் குரோம் முதலில் விசாரிப்பது அது வந்த வழியைத்தான். எந்த முகவரி, ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) என்ன, வெளியிட்டவரைக் காட்டும் டிஜிட்டல் கையெழுத்து யாருடையது என்று கூகுளின் சேஃப் பிரவுசிங் சர்வரைக் கேட்கிறது. விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் கேட்பதும் அதே இடத்தில்தான். எட்ஜுக்கு இதே வேலையைச் செய்ய மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீன் இருக்கிறது. நேற்று முளைத்த மோசடித் தளத்தைப் பிடிக்க இது கெட்டிக்கார முறை. ஆனால் யாரோ ஒரு தனி டெவலப்பர் நேற்று வெளியிட்ட நல்ல மென்பொருளையும், இன்னும் பலர் இறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இது சந்தேகிக்கும். பாவம், அவர் என்ன செய்வார்?

ஆன்டிவைரஸ் ஃபைலைத் திறந்து உள்ளே பார்க்கும். பென் டிரைவில் வந்தாலும் விடாது. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை அதாலும் துழாவ முடியாது என்றாலும், நாம் பிரித்த நொடியில் உள்ளே இருந்ததைப் பிடித்துவிடும். வாசலில் நிற்கும் பிரவுசருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இரண்டையும் இணைக்கும் முயற்சி புதிதல்ல. 2008-ல் வந்த ஃபயர்பாக்ஸ் 3, விண்டோஸில் இறங்கிய ஃபைலை ஆன்டிவைரஸிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னது. டவுன்லோட் முடிந்த பிறகும் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு.

குரோமின் மேம்பட்ட பாதுகாப்பை ஆன் செய்தால், சந்தேகமான ஃபைல் முழுதாகவே சர்வருக்குப் போகலாம். சம்பளப் பட்டியல் வைத்திருக்கிற கணினியில் நான் அதை ஆன் செய்யமாட்டேன்.

என்னைக் கேட்டால், பிரவுசர் செய்யவேண்டிய முக்கிய வேலை, ஃபைல் இணையத்திலிருந்து வந்தது என்று முத்திரை குத்துவது. விண்டோஸில் இறக்கிய ஃபைலின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் கீழே 'அன்பிளாக்' என்று ஒரு பெட்டி தெரியும். ஃபைலோடு ஒட்டியிருக்கும் 'ஜோன்ஐடி=3' என்ற சிறு குறிப்பால் வருவது அது. 3 என்றால் இணையம். ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிப்பதும், வேர்டு ஃபைலை எடிட் செய்யவிடாமல் திறப்பதும் இதைப் பார்த்துத்தான்.

சில மென்பொருள்களில் ஜிப்பைப் பிரிக்கும்போது இந்த முத்திரை தொலைந்துபோவதுதான் தலைவலி. ஜிப்பைப் பிரிக்க உதவும் 7-ஜிப் மென்பொருளில், பிரித்த ஃபைல்களுக்கும் அதைக் கடத்தும் வசதியே 2022-ல் வந்த 22.00 பதிப்பில்தான் சேர்ந்தது. அதையும் ஆப்ஷன்ஸில் தேடிப்போய் நாமே ஆன் செய்ய வேண்டியிருந்தது.