சுவத்துல தொங்குற சர்டிபிகேட்ட நம்பி ஸ்டேடியம் ஸ்டால்ல வாங்கி சாப்ட்டு பட்ட பாடு

போன சனிக்கிழமை பையன கூட்டிட்டு மேட்ச் பாக்க போயிருந்தேன். வெளிய இருந்து எதுவும் கொண்டு போக விடமாட்டாங்க, உள்ள இருக்குற ஸ்டால்தான் கதி. அங்க சுவத்துல கண்ணாடி ஃப்ரேம் போட்டு சுகாதார இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட் மாட்டி வச்சிருந்தான், அத பாத்துட்டுதான் தைரியமா ரெண்டு சிக்கன் பர்கர் வாங்குனேன்.

கைல வாங்குறப்பவே வெதுவெதுன்னுதான் இருந்துச்சு, கடிச்சா நடுவுல கறி சில்லுன்னு இருக்கு. கேட்டா "வார்மர்ல இருந்து இப்பதான் எடுத்தேன் சார்"ங்கறான். அதவிட கொடுமை, க்ளவுஸ் போட்ட அதே கையால காச வாங்கி, சில்லறை எண்ணி குடுத்துட்டு, அப்படியே பன்ன பிரிச்சு கறிய வைக்கிறான். நான் பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன், பையன் பசிக்குதுன்னு இழுக்குறான், பின்னாடி பெரிய க்யூ வேற, வாயத் தொறக்கல. என் தப்புதான்.

மூணு மணி நேரம் கூட ஆகல, பையனுக்கு வாந்தி, அடுத்து எனக்கு. விடிய விடிய பாத்ரூம்லயே கிடந்தோம். டாக்டர் மொதல்ல கேட்டதே எத்தன மணிக்கு சாப்ட்டீங்க, எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னுதான். இவ்ளோ சீக்கிரம் வந்தா ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி கிருமி சாப்பாட்டுல விட்டுட்டு போன நஞ்சா இருக்கலாம்னார். அந்த கிருமி மனுஷன் மூக்குலயும் தோல்லயும் இருக்குறதாம், கைவழியா சாப்பாட்டுக்கு போயிடும், அப்புறம் சூடு பண்ணா கிருமி சாகும், நஞ்சு அப்படியே நிக்கும்.

கேட்டரிங்ல இருக்குற மச்சான்ட்ட சொன்னேன், வார்மர்ங்கறது ஏற்கனவே நல்லா சூடா இருக்குறத 60 டிகிரிக்கு மேல வச்சுக்கத்தான், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா அதுல போட்டா மணிக்கணக்கா வெதுவெதுன்னே கிடக்கும், 5 டிகிரிலேர்ந்து 60 வரைக்கும்தான் கிருமி பெருகுற சூடு, தொட்டில் கட்டி தாலாட்டு பாடுற மாதிரிடான்னான்.

அடுத்த மேட்ச் அன்னிக்கு நேரா போய் அந்த ஃப்ரேம கிட்ட நின்னு படிச்சேன். தேதி எப்பவோ முடிஞ்சிருச்சு, போட்டிருக்குற அட்ரஸ் இந்த ஸ்டாலே இல்ல. "அது எங்க மெயின் கிச்சனோடது சார்"ங்கறாரு மேனேஜர் கூச்சமே இல்லாம. இத்தன பேரு சாப்ட்டாங்க உங்களுக்கு மட்டும் எப்படின்னு என்னையே கேக்குறாரு. பில்லும் அன்னிக்கு வாங்கித் தொலையல.

புகார் குடுத்தேன், ஆள் அனுப்புனாங்க, அந்த நாள்ல மேட்ச் இல்ல, ஸ்டால் பூட்டிக் கிடந்துச்சாம்! மேட்ச் நடக்குறப்ப வாங்கன்னு திரும்ப எழுதியிருக்கேன். போன சனிக்கிழமை அங்க சாப்ட்டு யாருக்காவது வயிறு கெட்டிருந்தா சாப்ட்ட நேரம், வாந்தி ஆரம்பிச்ச நேரம் ரெண்டையும் போட்டு நீங்களும் ஒரு புகார் குடுங்க, நான் ஒருத்தன் மட்டும்னா வேற எங்கயோ சாப்ட்டிருப்பான்னு மூடிருவாங்க.