தாம்பரத்தில் எந்த நேரத்துக்கு எந்தக் கடை

திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்த எங்கள் குடும்பம், ஆடி கழியட்டும் என்று அம்மா சொன்னதால், சென்ற ஆண்டு ஆவணி முதல் வாரத்தில் மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவுக்குக் குடிவந்தது. வாடகை குறைந்தது, மொட்டை மாடியில் நல்ல காற்று கிடைத்தது, பிள்ளைகளுக்கு விளையாட இடம் இருந்தது. சாப்பாட்டு விஷயத்தில்தான் தவித்துப்போனோம். திருவல்லிக்கேணியில் மாடிப்படி இறங்கினால் ஏதாவது ஒரு மெஸ் திறந்திருக்கும். 1948 முதல் நடந்துவரும் ரத்னா கபேயில் இட்லி மூழ்கும்படி சாம்பார் ஊற்றுவார்கள். இரவு பத்தரை மணிக்குப் பசித்தாலும் யாரோ ஒருவர் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, முதல் இரண்டு மாதங்கள் தாம்பரத்தில் நல்ல சாப்பாடே கிடையாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னது தவறு. புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நாங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பெரிய உணவகங்களில். இல்லாவிட்டால் கைப்பேசிச் செயலி வழியே வரவழைத்தோம். ஒரு பெரிய உணவகத்தின் கிளையில் நான்கு பேருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிய சிற்றுண்டியில் சாம்பார் ஆறியிருந்தது. மாற்றித் தரும்படி கேட்டபோது அதே வாளியிலிருந்து மறுபடியும் ஊற்றினார்கள். செயலியில் வரவழைத்த இடியாப்பம் நாற்பது நிமிடம் கழித்து, பெட்டிக்குள் வியர்த்துக் கட்டியாகி வந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இரவில் மிருதுவாக ஏதாவது இருந்தால்தான் அவருக்கு உள்ளே போகும். அன்று பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது இந்த ஊரின் நேரக்கணக்கு. தாம்பரம் ரயிலோடு வளர்ந்த ஊர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர்களின் குடியிருப்பாகவே இது இருந்துவருகிறது. அதனால் இங்குள்ள நல்ல கடைகள் நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ உயிரோடு இருந்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. நான் காலை பத்து மணிக்கு நடந்தபோது வெறும் வீட்டுத் திண்ணையாகத் தெரிந்த இடம், ஏழு மணிக்குப் பதினைந்து பேர் காத்திருக்கும் இட்லிக் கடை. இவற்றில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே இல்லை. ஆகவே நேரத்தையும் அடையாளத்தையும் கொண்டுதான் சொல்ல முடிகிறது. 2021இல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், பெருங்களத்தூர் முதலியவற்றையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகு ஊர் மிகப் பெரியதாகிவிட்டது; நான் எழுதுவது ரயில் நிலையத்துக்கு இரு பக்கமும் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கியதை மட்டும்.

முதலில் அந்த இட்லிக் கடை. சண்முகம் சாலைக் காய்கறிக் கடைகளைத் தாண்டி உள்ளே செல்லும் ஒரு குறுக்குத் தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்கட்டில் அதை நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கொப்பரைகள் மாறி மாறி வெந்துகொண்டிருக்கும். தட்டின் மேல் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றுவார். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் கையால் தண்ணீரைத் தெளித்து, ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரிப்பார். துணியின் இழை அப்படியே இட்லியின் மேல் பதிந்திருக்கும், ஓர் இட்லிகூடப் பிய்ந்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் நான் ஆறு இட்லி கட்டச் சொன்னபோது யாருக்கென்று கேட்டார். வயதான அம்மாவுக்கு என்றேன். "அப்போ கொஞ்சம் நில்லுங்க தம்பி, அடுத்த ஈடு வரட்டும். இது இறக்கிப் பத்து நிமிஷம் ஆயிடுச்சு" என்றார். கையிலிருக்கும் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காத அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாளும் போனேன். அதன்பிறகு வாரத்தில் நான்கு நாட்களாவது போகிறேன்.

சாம்பார் பாசிப்பருப்பும் துவரம்பருப்பும் கலந்து, பரங்கிக்காயும் சின்ன வெங்காயமும் போட்டு, சற்று நீர்க்க இருக்கும். சோற்றுக்கு வைக்கும் சாம்பாரை இட்லிக்கும் ஊற்றி ஒப்பேற்றும் வேலை இங்கே இல்லை. தேங்காய்ச் சட்னி சுமார்தான், எட்டரை மணிக்கு மேல் அதில் பொட்டுக்கடலை கூடிவிடுகிறது. பூண்டும் வரமிளகாயும் வைத்து அரைக்கும் காரச் சட்னிதான் இந்தக் கடையின் சிறப்பு. இட்லி எட்டு ரூபாய், தோசை இருபத்தைந்து ரூபாய். காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்குள் முடிந்துவிடும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. மார்கழியில் மாவு சரியாகப் பொங்காது என்பதை அவரே சொல்லி, அந்த மாதத்தில் இட்லியைக் குறைத்துத் தோசையாகவே வார்க்கிறார். அவருடைய கிரைண்டர் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு சிமெண்டுத் திண்டின் மேல் இருக்கிறது. காரணம் கேட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பழைய கிரைண்டர், அடுப்பு, இரண்டு மூட்டை அரிசி எல்லாம் போய், ஐந்து மாதம் கடையை மூடி வைத்திருந்தாராம். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இத்தகைய திண்டுகளையும் கவனித்துக்கொள்வது நல்லது.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் இல்லாத நேரம் அது. மேற்குப் பக்கத்தில் பேருந்து நிறுத்தங்களை ஒட்டி எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, புளிச்சோறு விற்கும் வண்டிகள் நிற்கின்றன; அவற்றில் பன்னிரண்டரை மணிக்கு முன் வாங்கினால் தயிர்ச் சோறு புளிக்காமல் இருக்கும். முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் வீட்டில் சமைத்துவிடுங்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல் கிழக்குத் தாம்பரத்துக்குப் போக வேண்டும். ரயில் நிலைய நடைமேம்பாலத்தைத் தாண்டினால் ஊரின் குணமே மாறிவிடுகிறது. 1937இல் சென்னை கிறித்துவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்ததிலிருந்து கிழக்குப் பக்கம் மாணவர்களின் பக்கமாகிவிட்டது. சேலையூர், கேம்ப் ரோடு வரை அவர்களின் பசியை நம்பித்தான் மாலைக் கடைகள் இருக்கின்றன. வேளச்சேரி சாலையில் ஒரு மருந்துக் கடையின் பக்கவாட்டில் நிற்கும் தள்ளுவண்டியில் கீரை வடையும் வாழைக்காய் பஜ்ஜியும் போடும் பெரியவரை நான் மிகவும் மதிக்கிறேன். அவருடைய வாணலியில் எண்ணெய் எப்போதும் வெளுத்த பொன்னிறமாக இருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் கையில் இல்லை என்றாலும், எண்ணெய் கறுத்திருந்தால், மேலே நுரை அடங்காமல் நின்றால், காய்வதற்கு முன்பே புகைந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம். இந்தப் பெரியவர் ஆறரை மணிக்கு மாவு தீர்ந்ததும் வண்டியை மூடிவிடுகிறார். மீந்த எண்ணெயில் மறுநாள் போடுவதில்லை என்று சொன்னார். அவரது வடை அதை உண்மை என்றே சொல்கிறது.

கேம்ப் ரோட்டில் இரவு ஏழு மணிக்கு மேல் பரோட்டாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி தோன்றினாலும் வேறுபாட்டைக் கண்ணாலேயே பிடிக்கலாம். கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை ஐந்தாக அடுக்கி, சூடு ஆறுவதற்குள் இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்குகளைப் பிரிக்கிற மாஸ்டர் இருக்கும் கடையில் உட்காருங்கள். முன்பே போட்டு அடுக்கி வைத்ததைத் திரும்பக் கல்லில் காட்டிக் கொடுக்கும் கடை வேண்டாம். நாங்கள் போகும் கடையில் சால்னாவில் சோம்பும் கசகசாவும் தூக்கலாக இருக்கும், காரம் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். உட்கார இடம் குறைவு; வண்டி நிறுத்த இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை அந்தச் சாலையில் காரைக் கொண்டுபோவது பெரும் பிழை, நடந்தோ இருசக்கர வண்டியிலோ போவதுதான் முறை.

பிரியாணிக்கு ஞாயிற்றுக்கிழமை. முடிச்சூர் சாலையில் ஒரு மர இழைப்பகத்தை ஒட்டிய கொட்டகையில் பாய் ஒருவர் வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் விறகடுப்பில் இரண்டு தேக்சா போடுகிறார். பதினொன்றரை மணிக்குத் தம் உடைக்கிறார், ஒன்றேகாலுக்குள் தீர்ந்துவிடும். மூடியின் மேல் பரப்பிய கங்குகளை முறத்தில் தள்ளிவிட்டு, மூடியைத் தன் பக்கமாகச் சாய்த்துத் திறப்பார். அப்போது எழும் ஆவியில் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அகலக் கரண்டியைத் தேக்சாவின் ஓரமாக அடிவரை இறக்கி, மசாலாவும் கறியும் சோறும் சேர்ந்து வரும்படி ஒரே வாக்கில் எடுப்பார், கிளறமாட்டார். அரிசி சீரகச் சம்பா. பாசுமதியின் நீளத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கறியின் சாற்றை உள்வாங்குவதில் சீரகச் சம்பாவுக்கு இணை கிடையாது என்பது என் கருத்து. கத்திரிக்காய்த் தொக்கில் புளி சரியாக இருக்கும். தாளிச்சா சில வாரங்களில் மட்டும். மட்டன் பிரியாணி இருநூற்று நாற்பது, குஸ்கா நூறு. குறை என்று சொன்னால், வாங்கிக்கொண்டு போக மட்டுமே முடியும். கூட்டம் அதிகமான நாளில் கடைசியாக வருகிறவர்களுக்கு எலும்பு கூடுதலாக விழுகிறது.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தும், கொதிக்கும் சாம்பாரையும் சால்னாவையும் மெல்லிய பையில் கட்டிக் கொடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. நாங்கள் ஒரு எவர்சில்வர் தூக்கும் ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டு போகிறோம். இட்லிக் கடை அக்கா தூக்கு கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றுகிறார். பிரியாணிக்கார பாய் டப்பாவை வாங்கி, வெந்நீரில் ஒருமுறை அலசிய பிறகே வைத்துத் தருகிறார். சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சிறுகடைகளுக்கும் பதிவு உண்டு. நான் சொன்ன நான்கு கடைகளில் மூன்றில் அந்த எண்ணைப் பார்த்தேன், பஜ்ஜி வண்டியில் பார்க்கவில்லை.

ஓராண்டு தேடியும் கிடைக்காதவையும் இருக்கின்றன. காலையில் நல்ல டிக்காஷன் காபி தரும் சிறு கடை ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை; மேற்குப் பக்கத்து டீக்கடைகளில் ஐந்தரை மணி டீ அருமையாக இருக்கிறது, அதே கடையில் காபி கேட்டால் தூளைக் கலக்கித் தருகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் பசித்தால் பரோட்டாவைத் தவிர வழியில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பயணிகள் பேருந்துக்காகப் பெருங்களத்தூரில் காத்து நிற்பதும் குறைந்துவிட்டது. அங்கே ஒரு தோசைக் கடைக்காரர் நள்ளிரவு வரை கடை வைத்திருந்ததை இப்போது பத்தரைக்கே மூடிவிடுவதாகச் சொன்னார். வடகறிக்கு மட்டும் மாதம் ஒருமுறை ரயிலேறிச் சைதாப்பேட்டைக்குப் போகிறேன். இதைச் சொன்னபோது, தை பிறந்ததும் தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகறி போட்டுப் பார்ப்பதாக இட்லிக் கடை அக்கா சொல்லியிருக்கிறார். அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் ஈட்டுக்கே போகலாம் என்றிருக்கிறேன்.