வராண்டாவில் ஒரு எடை மெஷின்

தை மாதம் மூன்று வாரம் மதுரையில் இருந்தேன். பேங்க் வேலை, வீட்டு வரி, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு தனியார் மருத்துவமனை வராண்டாவில் ஒரே நிமிஷத்தில் நடந்த விஷயம்தான் லண்டன் திரும்பிய பிறகும் மனசை விட்டுப் போகவில்லை.

2016ல் எனக்கு லண்டனில் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துவிட்டு, ஒரு குழாய் அளவுக்கு மட்டும் விட்டுவைப்பார்கள். 121 கிலோ இருந்தவள் ஒன்றரை வருஷத்தில் 79க்கு வந்தேன். இப்போது 98. ஒரேயடியாக ஏறவில்லை. வருஷத்துக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று சத்தமில்லாமல் ஏறியது.

பிரிட்டனில் ஆபரேஷன் செய்த குழுவே இரண்டு வருஷம் பார்த்துக்கொள்ளும். அப்புறம் குடும்ப டாக்டர் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனையும் சத்துக் குறைபாடு பார்ப்பதும் நடக்க வேண்டும். எனக்கு மூன்று வருஷமாக அது நடக்கவில்லை. காலை எட்டு மணிக்கு போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றால், என் முறை வரும்போது அன்றைய அப்பாயின்ட்மென்ட் தீர்ந்திருக்கும். அதனால்தான் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

சரி, வராண்டாவுக்கு வருகிறேன். டோக்கன், ஓ.பி. சீட்டு, மேஜைக்கு எதிரே இரண்டு வரிசை பெஞ்ச். உங்களுக்கே தெரியும். சுவரை ஒட்டி எடை மெஷின். அதன் எண் காலடியில் தெரியாது. கண் உயரத்தில் ஒரு பெட்டியில் சிவப்பாக எரியும். ஒரு நர்ஸ் பெண் மெஷின் பக்கத்தில் நிற்கிறாள், இன்னொருத்தி எட்டடி தள்ளி மேஜையில் எழுதுகிறாள். அவள் கத்த வேண்டும், இவள் எழுத வேண்டும். ஏற்பாடே அப்படி.

"எதுக்குக்கா வந்திருக்கீங்க?" என்று மேஜையிலிருந்து கேட்டாள். சொன்னேன். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க." ஏறினேன். எண் ஆடி நிற்பதற்குள், "தொண்ணூத்தெட்டு!" என்று வராண்டா முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பாட்டி, "ஏத்தா, ஆப்பரேசன் பண்ணியுமா இம்புட்டு?" என்றார்.

இறங்கிச் செருப்பை மாட்டும்போது கை நடுங்கியது. பத்து வருஷமாக நான் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை ஒருவர் சத்தமாகக் கேட்டுவிட்டார். லண்டனில் எடை பார்ப்பது கதவு மூடிய அறையில். நம்பர் தெரிய வேண்டுமா வேண்டாமா என்றுகூட ஒரு நர்ஸ் என்னைக் கேட்டிருக்கிறார். அந்த மூடிய கதவின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டி நகர்ந்து இடம் விட்டு, "வா, ஒக்காரு" என்றார். கெட்ட மனசு இல்லை. ஆனால் அவருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இன்னும் தொண்டையில் இருக்கிறது. ஆபரேஷனில் எடுத்துவிடும் பகுதியில்தான் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. முதல் வருஷம் பசியே தெரியாது. அப்புறம் பசி மெல்லத் திரும்பி வரும். குழாயும் கொஞ்சம் இளகும். குறைந்த சாப்பாட்டிலேயே பிழைக்க உடம்பு பழகிவிடும். 1987ல் ஸ்வீடனில் ஆரம்பித்து பல வருஷம் தொடர்ந்த பெரிய ஆய்விலும், எடை குறைக்கும் வேறு வகை ஆபரேஷன்கள் செய்தவர்களின் எடை முதல் ஓரிரு வருஷத்தில் அடிமட்டத்துக்கு வந்து, பிறகு ஓரளவு ஏறத்தான் செய்தது. அப்படி ஏறிய பிறகும், பழைய எடையைவிட அவர்கள் நல்ல கீழேயே இருந்தார்கள். நானும் இன்னும் 23 கிலோ கீழேதான் இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியது நிறுத்தியதுதான். இதையெல்லாம் அந்த பெஞ்சில் யாரிடம் சொல்வது?

இவ்வளவு கோபத்தோடு உள்ளே போனவளை, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் தலைகீழாகப் புரட்டிவிட்டார். முப்பது வயசு இருக்கும். திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் முதலில் கேட்டது: "ரசம் சாதம் எப்படிப் பிசைவீங்க, கெட்டியாவா, தண்ணியாவா?"

பத்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. லண்டனில் எனக்குக் கொடுத்த தாளில் ஓட்ஸ் கஞ்சி, டூனா மீன், காட்டேஜ் சீஸ் என்று இருக்கும். ரசம் என்ற ஒன்று அதில் இல்லை. குழைய வடித்த சாதத்தில் ரசத்தை ஊற்றினால் அது குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது என்றார். நாலு மணி டீயில் நனைக்கும் மேரி பிஸ்கட்டும், நொறுக்கித் தின்னும் காராசேவும் அதே கதை. கோழி இரண்டு துண்டு தின்றால் நெஞ்சு வரை நிற்கிறது, மிக்சர் ஒரு பொட்டலமே போகிறதே, ஏன் என்று நான் வருஷக்கணக்கில் குழம்பியதற்கு பதில் அதுதான். தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருக்குமா என்றும் கேட்டார். இருக்கும், அம்மா வீட்டில் தண்ணீர் வைக்காமல் இலை போட மாட்டார்கள். இனிமேல் சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர்.

முட்டை, மீன், சுண்டல் முதலில், காய் அடுத்து, சாதம் கடைசியில். ஒரு நாளைக்கு குறைந்தது 60 கிராம் புரதம். ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான், முட்டையில் 6 கிராம் என்று சீட்டின் பின்பக்கமே பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லும் அந்த மவுஞ்சாரோ என்ற எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேட்டேன். அது டாக்டர் முடிவு, தேவைப்பட்டால் போடலாம், ஆனால் முதலில் ரத்தத்தைப் பார்ப்போம் என்றார்.

ரத்தம் எடுக்க மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு தம்பி வீட்டுக்கே வந்தான். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் முடிவு: பி12 குறைவு, இரும்புச்சத்து இன்னும் குறைவு. வருஷக்கணக்காக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை எடை மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் லண்டனில் கிடைக்காதது மதுரையில் ஒரே நாளில், 4,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அழுதுவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். மெஷினில் ஏறும் முன்பே அந்தப் பெண்ணிடம், "நம்பரைச் சத்தமாச் சொல்லாதம்மா, எழுதிக் குடு" என்றேன். ஒரு கணம் விழித்தாள். அப்புறம் எட்டிப் பார்த்து, என் சீட்டிலேயே எழுதி, மடித்துக் கையில் கொடுத்தாள். "மொதல்லயே சொல்லிருக்கலாமேக்கா." உண்மையாகவே வருத்தப்பட்டாள். 96.

எனக்கு அடுத்து ஒரு காலேஜ் பெண் ஏறினாள். "எம்பத்தி நாலு!" அந்தப் பிள்ளை துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கினாள். நான் திரும்பி வரவேற்பு மேஜைக்குப் போய், குறை எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கி, மெஷினைச் சுற்றி ஒரு திரை போடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.