கோடு யார் கையில்? மூன்று இணைய அரசுகள், ஓர் ஒப்பீடு

இணையத்தில் அரசாங்கம் நடத்திப் பார்க்கும் விளையாட்டுகளில் சேர விரும்பும் நண்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "எதில் சேர்ந்தால் உண்மையிலேயே சட்டம் எழுதிப் பழகலாம்?" என்பதுதான். கேள்வி சரியானது, ஆனால் அது பாதிக் கேள்வி. சட்டம் எழுதுகிறவர்கள் எந்த மண்டலத்திலிருந்து, எத்தனை பேரின் வாக்கால் வந்தார்கள் என்பதை அந்த விளையாட்டின் எல்லைக் கோடுகளே முடிவு செய்கின்றன. அந்தக் கோடுகளை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் சட்டம் இயற்றும் நடைமுறையை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள், சில மாதங்களில் மனம் வெறுத்து விலகியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நேஷன்ஸ்டேட்ஸ், இ-ரிபப்ளிக், அட்லேசியா ஆகிய மூன்றையும் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்து வைத்தே ஒப்பிடுகிறேன்.

நேஷன்ஸ்டேட்ஸை ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பாரி 2002இல் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு நாட்டை உருவாக்கி, அன்றாடம் வரும் பிரச்சினைகளுக்குத் தீர்வு சொல்லி நாட்டின் போக்கை மாற்றுவது அதன் அடிப்படை. சட்டம் இயற்றும் பகுதி உலகப் பேரவையில் இருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பேரவைக்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர், உண்மையான ஐ.நா. எதிர்ப்புத் தெரிவித்ததால் 2008இல் பெயர் மாறியது. அதுவரை நிறைவேறிய தீர்மானங்கள் அனைத்தும் வரலாற்று ஆவணங்களாக ஒதுக்கப்பட்டு, முதல் எண்ணிலிருந்து புதிதாகச் சட்டத் தொகுப்பு தொடங்கியது.

இங்கே ஒரு முன்மொழிவு சட்டமாவதற்குக் கடக்க வேண்டிய தூரம் அதிகம். முன்மொழிகிறவருக்கு முதலில் தன் மண்டலத்தைச் சேர்ந்த இரண்டு உறுப்பு நாடுகளின் ஆதரவாவது இருக்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு மண்டலத்திலும் அதிக ஆதரவு பெற்றிருக்கும் மண்டலப் பிரதிநிதிகளில் 6 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்தால்தான் அது வாக்கெடுப்பு வரிசைக்கு வரும். வாக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும். சாதாரண உறுப்பு நாட்டுக்கு ஒரு வாக்கு; பிரதிநிதிக்கோ தன் ஒரு வாக்கோடு தனக்குக் கிடைத்துள்ள ஆதரவுகளின் எண்ணிக்கையும் சேரும். எனவே சில பெரிய மண்டலங்களின் பிரதிநிதிகள் முதல் நாளிலேயே வாக்களித்துவிட்டால், தீர்மானத்தின் தலையெழுத்து ஏறக்குறைய அன்றே எழுதப்பட்டுவிடும்.

இங்குள்ள சிறப்பு வரைவுக் கலைதான். நிறைவேறிய தீர்மானத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. முழுவதையும் நீக்கும் தீர்மானத்தை முதலில் நிறைவேற்றி, அதற்குப் பிறகு திருத்திய வடிவத்தைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். போர்க் கைதிகளைப் பற்றிய ஒரு தீர்மானத்தில் "போரின்போது பிடிபட்டவர்கள்" என்று ஒருவர் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முறைப்படி போர் அறிவிக்காத ஒரு நாடு, எங்களிடம் இருப்பவர்கள் போர்க் கைதிகளே இல்லை என்று தப்பித்துக்கொள்ளும். அந்த ஓட்டையை அடைக்க இரண்டு வாக்கெடுப்புகள் தேவை. முதலாவது வென்று இரண்டாவது தோற்றால் இருந்த பாதுகாப்பும் போய்விடும். இந்த அச்சத்தால்தான் அங்குள்ள அனுபவசாலிகள் ஒரு வரைவை வாரக்கணக்கில் அடித்துத் திருத்துகிறார்கள். 2016 முதல், முன்மொழிவு விதிகளுக்கு உட்பட்டதா என்று தீர்ப்பளிக்க விளையாடுகிறவர்களே அடங்கிய ஒரு செயலகமும் இருக்கிறது. ஒரு சட்ட வாக்கியத்தை எதிராளியின் கண்ணால் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் எல்லை என்று வரும்போது நேஷன்ஸ்டேட்ஸில் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. மண்டலம் என்பது அங்கே நிலப்பரப்பைக் குறிப்பதில்லை. நாடுகள் சேர்ந்திருக்கும் ஒரு கூட்டம், அவ்வளவே. பிடிக்கவில்லை என்றால் ஒரு சொடுக்கில் வேறு மண்டலத்துக்குப் போய்விடலாம். பல மண்டலங்கள் அழகான வரைபடங்களை வரைந்து உறுப்பினர்களுக்கு இடம் ஒதுக்குகின்றன என்றாலும், அந்தப் படத்துக்கும் வாக்குரிமைக்கும் தொடர்பு கிடையாது. மண்டலங்களுக்குள் எல்லைப்புறம், கோட்டை என்ற வேறுபாடு 2023இல் வந்தது. புதிய நாடுகள் வந்து பிறப்பதற்குத் திறந்திருப்பது முதல் வகை. பாதுகாப்பான ஆளுநர் பதவியோடு மூடி நிற்பது இரண்டாம் வகை. அதுவும் வரவையும் காவலையும் பற்றிய ஏற்பாடுதான். தொகுதி மறுவரையறை என்ற அனுபவத்தைத் தேடுகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

இ-ரிபப்ளிக் இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது. ருமேனியாவில் உருவான இந்த விளையாட்டில் நிஜ உலகின் நாடுகளும் அவற்றின் மாநிலங்களுமே மண்டலங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் மாதத்தின் 5ஆம் நாள், கட்சித் தலைவர் தேர்தல் 15ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தல் 25ஆம் நாள் என்று நாட்காட்டி இறுக்கமானது. சட்டம் இயற்றும் அனுபவம் இங்கே மெலிந்தது என்றே சொல்ல வேண்டும். வரி விகிதம், கூட்டணி ஒப்பந்தம், எதிரி நாட்டை அறிவித்தல், கருவூலத்திலிருந்து நிதி வழங்கல், தலைவரைப் பதவி நீக்குதல் என மென்பொருள் அனுமதிக்கும் வகைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து எண்ணை நிரப்பினால் 24 மணி நேர வாக்கெடுப்பு தொடங்கிவிடும். எழுதுவதற்கு அதில் வாக்கியமே கிடையாது.

எல்லையோ இங்கே கண்முன் நகரும். போரில் வென்றவர் மண்டலத்தை எடுத்துக்கொள்வார். அதோடு அந்த மண்டலத்தின் மூலவளமும், அதனால் கிடைக்கும் உற்பத்தி ஊக்கமும் கைமாறும். மூல உரிமை எந்த நாட்டுக்கு என்பதை விளையாட்டு மறப்பதில்லை என்பதால், பறிகொடுத்த மண்டலத்தில் எதிர்ப்புப் போர் தொடங்க வழி உண்டு. நட்பு நாடுகள் பேசி வைத்துக்கொண்டு, ஒரு மண்டலத்தை வேண்டுமென்றே தோற்று, அதன் வளத்தை வாடகைக்கு விடுவதும் நடக்கும். இன்னொரு ஆபத்து எல்லையைத் தொடாமலே வரும்: வேறு நாடுகளில் விளையாடுகிறவர்கள் கூட்டமாகச் சிறிய நாடொன்றுக்குக் குடிபெயர்ந்து, நாடாளுமன்றத்தைக் கைப்பற்றி, கருவூலத்தைக் காலி செய்துவிடுவார்கள். குடியுரிமைக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி பின்னாளில் வந்ததற்கு இதுவே காரணம். போரும் வணிகமும் பிடித்தவர்களுக்கு இது உகந்தது. எல்லைக் கோட்டை ஏன் இந்த இடத்தில் போட வேண்டும் என்று வாதாட விரும்புகிறவருக்கு இங்கே கேட்பவர் இல்லை. போரில் யார் அதிகச் சேதம் விளைவித்தார்கள் என்ற கணக்கே அதைத் தீர்மானிக்கிறது.

அட்லேசியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டமும் எல்லையும் ஒரே மேசைக்கு வருவது இங்கேதான். அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை வரைபடங்களாகத் தொகுத்து வைக்கும் ஒரு தளத்தின் உறுப்பினர்கள், அந்த நாட்டை அடியொற்றி நடத்திவரும் கற்பனைக் குடியரசு இது. மென்பொருள் எதையும் கணக்கிடாது. அரசியலமைப்பு, மசோதா, வாக்குச் சீட்டு, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் மனிதர்கள் எழுதிய வெறும் எழுத்துகள். ஒருவர் மசோதாவை அறிமுகம் செய்வார், விவாதம் நடக்கும், திருத்தம் வரும், வாக்கெடுப்புக்குப் பின் குடியரசுத் தலைவர் கையெழுத்திடுவார் அல்லது மறுப்பார். சட்டத்தின் விளைவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல விளையாட்டு நடுவர் என்று ஒரு பதவி உண்டு. நேஷன்ஸ்டேட்ஸில் கிடைக்காத திருத்தும் உரிமை இங்கே உண்டு. அதற்கு விலையாக, சோம்பலான வரைவுகளும் நிறைய வருகின்றன.

வாக்காளராகப் பதிவு செய்கிறவர் ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மாநிலங்கள் சேர்ந்து மண்டலங்கள் ஆகின்றன. மண்டலத்துக்கென்று ஓர் ஆட்சித் தலைவரும் சட்டமன்றமும் உண்டு. நெடுங்காலம் ஐந்து மண்டலங்களும் பத்துப் பேர் கொண்ட செனட்டும் இருந்தன. தொடக்க ஆண்டுகளில் மண்டலங்களோடு ஐந்து தொகுதிகளும் இருந்து, பதிவான வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ப அவை மறுவரையறை செய்யப்பட்டன. 2016இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது ஐந்து மண்டலங்கள் மூன்றாகச் சுருங்கின. ஆட்கள் குறைந்து, மண்டலப் பதவிகளுக்குப் போட்டியிடவே ஆள் கிடைக்காமல் போன நீண்ட சலிப்பின் முடிவு அது.

இந்த மறுவரையறையின் நுட்பம் நிஜ உலகில் காணக் கிடைக்காதது. உண்மையான கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்பதற்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. அந்த மாநிலத்தின் பெயரில் விளையாடுகிறவர்கள் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. ஒருவரும் பதியாத பெரிய மாநிலத்தை எந்த மண்டலத்தோடு சேர்த்தாலும் யாரும் வருந்த மாட்டார்கள். ஆறு பேர் பதிந்த ஒரு சின்ன மாநிலத்தை இடம் மாற்றினால் செனட்டின் பெரும்பான்மையே மாறிவிடக்கூடும். மேலும், நிஜத்தில் கோடு நகரும்போது வாக்காளர் அங்கேயே இருப்பார். இங்கே அவர் பதிவை மாற்றிக்கொண்டு கோட்டின் மறுபக்கம் போய்விடலாம். அதனால் எல்லைச் சட்டம் எழுதுகிறவர் இடமாற்ற விதியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஒப்பீட்டின் முடிவை நான் மறைக்கவில்லை: மூன்றில் அட்லேசியாவின் முறையே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த முறைக்குள்ளேயே இன்னொரு தேர்வு இருக்கிறது, அதில்தான் நாங்கள் சறுக்கினோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் சேர்ந்து இதே பாணியில் ஒரு சிறிய மாதிரிப் பேரவையை நடத்தினோம். 47 உறுப்பினர்கள், ஐந்து மண்டலங்கள், மண்டலத்துக்கு இரண்டு இடங்கள். ஒரு கட்டத்தில் மண்டல எண்ணிக்கை 16, 12, 9, 6, 4 என்று ஆகிவிட்டது. நான்கு பேர் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, பதினாறு பேரும் அதே இரண்டைத்தான் பெற்றார்கள். கடைசி மூன்றையும் சேர்த்து 19 பேர் கொண்ட ஒரே மண்டலமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். மொத்த வாக்கெடுப்பில் 31க்கு 9 என்று வென்றது. நான்கு பேர் மண்டலத்தில் நால்வருமே எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். அவர்களில் இருவர் அதன்பின் வரவே இல்லை. அந்த மண்டலத்தின் அவை விதிகளைத் தனி ஆளாக உட்கார்ந்து எழுதியவர் அவர்களில் ஒருவர். கணக்கின்படி நாங்கள் செய்தது சரி. ஆயினும் அவரைக் கேட்காமல் அவருடைய ஊரை அழித்தோம் என்ற உறுத்தல் எனக்கு இன்றும் இருக்கிறது.

இந்தத் தேர்வுக்கு நிஜ உலகில் இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் உறுப்பு, மூன்றாம் பிரிவின்படி, மாநிலங்களை இணைக்கவோ ஒரு மாநிலத்திற்குள் இன்னொன்றை உருவாக்கவோ வேண்டுமானால் காங்கிரஸின் ஒப்புதலோடு சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்போ மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும் என்கிறது. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் மறுசீரமைப்பு மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா பிறந்தது. முதல் வழியில் எதுவும் எளிதில் மாறாது. இரண்டாம் வழியில் தேவையான மாற்றம் நடந்துவிடும், காயமும் நிற்கும். கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் இரண்டாம் வழிக்கு வலுவான நியாயம் உண்டு. ஒரு சட்டமன்றத்தின் மறுப்பால் ஒரு மக்கள் கோரிக்கை என்றென்றைக்கும் முடங்கிவிடக் கூடாது. விருப்பத்தால் மட்டுமே ஆட்கள் தங்கியிருக்கும் இணைய அரசுக்கு முதல் வழியே பொருந்தும். இங்கே வெறுத்துப்போனவர் போராட மாட்டார், வெளியேறிவிடுவார்.

ஆனால் முழு மறுப்புரிமை கொடுத்தாலும் சிக்கல் தீராது. இரண்டே பேர் மிஞ்சிய மண்டலம் எல்லோரையும் காலவரையின்றித் தடுத்து நிறுத்தலாம். ஆகவே எங்கள் பேரவையில் பிறகு எழுதிய விதி இவ்வாறு அமைந்தது: எல்லை மாற்றத்துக்கு அவையில் மூன்றில் இரண்டு பங்கும், பாதிக்கப்படும் ஒவ்வொரு மண்டலத்திலும் தனித்தனியே பெரும்பான்மையும் வேண்டும், தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் ஐந்து பேருக்குக் குறைவாக வாக்களித்த மண்டலத்துக்கு மட்டும் அந்தத் தனி ஒப்புதல் உரிமை இல்லை.

இன்னொன்றையும் அப்போது சேர்த்தோம். மண்டலங்கள் இணையும்போது யாருடைய சட்டம் நிற்கும் என்பதை எங்கள் முதல் மசோதா சொல்லவே இல்லை. பெரிய மண்டலத்தின் விதிகள் தாமாகவே எல்லோருக்கும் விதிகளாகிவிட்டன. 2014ஆம் ஆண்டின் ஆந்திர மறுசீரமைப்புச் சட்டம் இதில் எங்களைவிடக் கவனமாக இருந்தது: அதுவரை நடைமுறையில் இருந்த சட்டங்கள் புதிய மாநிலத்திலும் தொடரும், அவற்றைப் பொருத்தமாக மாற்றிக்கொள்ள இரண்டாண்டு அவகாசம் உண்டு என்று எழுதி வைத்தது. அதைப் பார்த்து நாங்களும் ஒரு பிரிவு எழுதினோம். இணைந்த மண்டலங்களின் சட்டங்கள் அந்தந்தப் பழைய எல்லைக்குள் இரண்டு அவைக் காலம் தொடரும். அதற்குள் புதிய மண்டலத்தின் அவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஏற்கவோ நீக்கவோ வேண்டும். நான்கு பேர் மண்டலத்தின் விதிகள் அந்தப் பிரிவின்கீழ் திரும்ப மேசைக்கு வந்து, பதினேழு பேர் ஏற்க, புதிய மண்டலத்தின் அவை விதிகளாயின.