மசாலா உறை, பால் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா: டர்பன் சமையலறையின் பிளாஸ்டிக் உறைகள் ஒரு மதிப்பீடு

காலியான 100 கிராம் மசாலா உறையைத் தராசில் வைத்தால் மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஏறக்குறைய 45 முதல் 50 கிராம். ஒரு கிலோ சேர, பாட்டில் என்றால் இருபத்துச் சொச்சம் போதும். மசாலா உறை என்றால் 250, 300 வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தெருக்களில் விடியற்காலையில் தள்ளுவண்டியோடு வந்து குப்பைப் பைகளைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு எடைக்குத்தான் காசு. அதனால் பாட்டில் வண்டியில் ஏறுகிறது, உறை பைக்குள்ளேயே கிடக்கிறது. பை கிழிந்தால் மழைநீரோடு ஓடைக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிறது. இதில் அவர்கள் தவறும் இல்லை, வீட்டுக்காரர் தவறும் இல்லை. உறையின் தலையெழுத்து அது தயாராகும் இடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில், காலியான உறை என்ன ஆகிறது என்ற பொறுப்பு இப்போது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. 2008-ஆம் ஆண்டின் கழிவுச் சட்டத்தின் கீழ், உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் 2020 நவம்பர் 5 அன்று அரசிதழில் வந்தன. 2021 மே 5 முதல் நடைமுறையில் உள்ளன. உறை செய்பவர், இறக்குமதி செய்பவர், உறையில் தன் பெயரைப் போட்டு விற்பவர் என எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். சந்தைக்கு அனுப்பும் ஒவ்வொரு டன்னுக்கும், சேகரிப்பையும் மறுசுழற்சியையும் அவர்கள் சார்பில் கவனிக்கும் பொறுப்பு அமைப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும். குளிர்பான பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்குக்குப் பெட்கோ என்ற அமைப்பு 2004 முதலே இருக்கிறது. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் வகைகளுக்குப் பாலிகோ. கட்டணம் கட்டுவது சட்டத்தின் குறைந்தபட்சம். ஒரு நிறுவனம் உண்மையிலேயே பொறுப்பேற்கிறதா என்பது அது தேர்ந்தெடுக்கும் மூடியிலும் பசையிலும் நிறத்திலும்தான் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒவ்வோர் உறையையும் பார்க்கிறோம்.

நிறமற்ற 2 லிட்டர் பெட் பாட்டில்தான் கூட்டத்தில் முதலிடம். இதைச் சில்லுகளாக வெட்டி, காரம் கலந்த சுமார் 80 டிகிரி வெந்நீரில் கழுவுவார்கள். பெட் தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். மூடியும் பாலிப்ரொப்பிலீன் லேபிளும் மேலே மிதக்கும். இந்த எளிய தொட்டிதான் மறுசுழற்சி ஆலையின் உயிர்நாடி. அதைக் கெடுக்கும் தவறுகள் எல்லாமே வடிவமைப்பில் நடப்பவை. உடம்பு முழுக்கச் சுருக்கிப் போர்த்திய, பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக்காலான உறை பெட்டோடு சேர்ந்து அடியில் மூழ்கும். பெட் உருகும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமிலம் விடும், மொத்தச் சரக்கும் மஞ்சளாகிக் கரும்புள்ளி விழும். காகித லேபிள் கூழாகி நீரைக் கலக்கும். வெந்நீரில் விடாத பசை சில்லோடு ஒட்டிக்கொண்டே வரும். பாட்டிலுக்கே நிறம் ஏற்றினால் அது மீண்டும் பாட்டிலாவது கடினம். தலையணைப் பஞ்சாகவோ நாராகவோதான் போகும். பால் கலந்ததுபோல் வெள்ளையாகத் தெரியும் பெட் இன்னும் மோசம், நாருக்குக்கூட எளிதில் சரிப்படாது. ஆக, நிறமற்ற பாட்டில், சிறிய லேபிள், வெந்நீரில் விடும் பசை, மிதக்கும் மூடி: இந்த நான்கும் இருந்தால் அந்த நிறுவனம் யோசித்திருக்கிறது என்று நம்பலாம்.

இதைவிட ஒரு படி மேல் உண்டு. கோக்க கோலா 2019-ல் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் தொடங்கிய, திருப்பிக் கொடுக்கும் 2 லிட்டர் பெட் பாட்டில் அது. டெபாசிட் கட்டி வாங்கி, காலியானதும் கடையில் கொடுத்தால் அது மீண்டும் கழுவி நிரப்பப்படும். பீர் குவார்ட் பாட்டிலுக்கு நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாக இருக்கும் அதே ஏற்பாடு. கையில் பணம் திரும்புவதால் பாட்டில் தெருவில் கிடக்காது. கழுவும் வசதியும், கிரேட் அடுக்கக் கடையில் இடமும் வேண்டும் என்பதுதான் இதன் சிக்கல். டீ ரூம் அளவுள்ள சிறு கடைகளுக்கு அந்த இடம் பெரிய விஷயம். அதற்கு வாடகைபோல ஏதாவது நிறுவனமே கொடுக்க வேண்டும்.

பால் பாட்டில் அடர்பாலித்தீனால் ஆனது, அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும். எடையும் உண்டு, விலையும் உண்டு. தைப்பூசக் காவடியன்று பாற்குடத்துக்காகவும் அபிஷேகத்துக்காகவும் கோயில் வளாகத்தில் காலியாகும் பாட்டில்களைப் பாருங்கள்: ஒரே வகைப் பிளாஸ்டிக், ஒரே இடத்தில் குவியல். பிரிப்பவருக்கு இதைவிட நல்ல அறுவடை கிடையாது. கெடுப்பது ஒன்றே ஒன்று, உள்ளே தங்கும் பால். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் ஒரே நாளில் புளித்து, மூட்டை முழுவதும் நாறும். பழைய பிளாஸ்டிக்கை நிறுத்து வாங்கும் எடை மையத்தில் விலை குறையும். அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, நசுக்கி, மூடியைத் திரும்ப மாட்டினால் போதும். மூடியைத் தனியாக எறிய வேண்டாம், அது பாட்டிலோடு சேர்ந்தே போகட்டும். கோயில் நிர்வாகம் ஒரு டிரம் தண்ணீரும் ஒரு பெரிய பையும் வைத்தால் வேலை முடிந்தது. அந்த டிரம்மையும் பையையும் பால் நிறுவனம் அனுப்பி வைப்பதுதான் முறை.

இனி மசாலா உறை. இந்த மதிப்பீட்டில் அதிகம் மனம் வருந்த வைப்பது இதுதான். ஏனென்றால் இது நம் சமையலின் பொருள், பல சிறு குடும்ப நிறுவனங்களின் பொருள். உறையை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு: வெளியே அச்சிட்ட பெட், நடுவில் உலோகம் பூசிய படலம் அல்லது அலுமினியத் தாள், உள்ளே ஒட்டுவதற்குப் பாலித்தீன். காரணமில்லாமல் இப்படிச் செய்யவில்லை. மிளகாய்த்தூள் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும், டர்பனின் ஈரக்காற்றில் கட்டி தட்டும், காற்றுப் பட்டால் மணம் போகும். ஆனால் மூன்றையும் பசையால் இறுக்கி ஒட்டிய பிறகு, பிரித்தெடுப்பது செலவுக்குக் கட்டுபடியாகாது. எடுப்பதற்கு ஆள் இல்லை.

மாற்று இருக்கிறது. எல்லா அடுக்கும் பாலித்தீனாகவே இருந்து, நடுவில் காற்றைத் தடுக்கும் இவிஓஎச் பிசின் மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால், அதைப் பாலித்தீனாகவே மறுசுழற்சி செய்யலாம். வெளுப்பைத் தடுக்க அடர்த்தியான அச்சு போதும். இதற்கு ஏன் தயங்குகிறார்கள் என்றால், இயந்திரம். பெட் 250 டிகிரியில்தான் உருகும், உள்ளிருக்கும் பாலித்தீன் 110 முதல் 140-க்குள் ஒட்டிவிடும். அதனால் பழைய உறையில், வாயை அழுத்தி ஒட்டும் சூட்டுத் தாடையைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினாலும் வெளிப்பக்கம் கெடாது. வெளியும் உள்ளும் பாலித்தீன் ஆனதும் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. கொஞ்சம் சூடு கூடினால் வெளிப்பக்கம் தாடையில் ஒட்டி இழுபடும், குறைந்தால் ஒட்டு விடும். தூள் பறந்து ஒட்டும் இடத்தில் படிந்தால் கசிவு நிச்சயம். தாடைக்கு டெஃப்லான் பூச்சு, தூளை ஒதுக்கக் காற்று ஊதும் குழாய், நிமிடத்துக்கு நிரப்பும் எண்ணிக்கையைக் குறைப்பது: இந்த மூன்றும் செய்தால் ஓடும். உற்பத்தி குறையும், உண்மைதான். முதல் சில வாரங்கள் வீணாகும் உறைகளைக் கணக்கில் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அதுவரை நல்ல வழி ஒன்று நம் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளது. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் மசாலாவைக் கரண்டியால் அள்ளித்தான் தருகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன கண்ணாடிப் பாட்டிலை முதலில் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள், பிறகு நிரப்பச் சொல்லுங்கள். பாட்டில் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கக்கூடும்.

ஐஸ்கிரீம் டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலிப்ரொப்பிலீன், எண் 5. பருப்பும் கறியும் உறைய வைத்து நம் வீடுகளில் வருடக்கணக்கில் உழைக்கிறது. சூடான கறியை நேராக ஊற்ற வேண்டாம், மைக்ரோவேவிலும் வைக்க வேண்டாம். அது குளிருக்குச் செய்த டப்பா. பிரியாணி வாங்கும் வெள்ளை நுரைப் பெட்டி எண் 6, பெரும்பகுதி காற்று, எண்ணெய் படிந்தது, எடைக்கு மதிப்பில்லை. குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சாவ் காகிதத்தில் சுற்றி வருகிறது, பாத்திரத்தையே சாப்பிட்டுவிடுகிறோம். அதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். அது எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்கிறதே தவிர, மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தரவில்லை. 7 என்று இருந்தால் பெரும்பாலும் கலவை. மறுசுழற்சிப் பொருளுக்கென ஆரஞ்சுப் பை கொடுக்கும் பகுதிகளில் அதற்குள் மசாலா உறையைப் போட்டால், பிரிக்கும் மேசையிலிருந்து அது நேராகக் குப்பைக்கே போகும்.

கடைசியாகப் பணம். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகும். ஆலைகள் பழைய பிளாஸ்டிக்கை வாங்கத் தயங்கும், எடை மையம் விலையைக் குறைக்கும், தள்ளுவண்டிக்காரர் நடப்பதை நிறுத்துவார். நாடு முழுவதும் 60,000 முதல் 90,000 பேர் வரை இந்த வேலையை நம்பி வாழ்வதாக மதிப்பீடு. பதிவு செய்த சேகரிப்பாளருக்குச் சேவைக் கட்டணம் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதோடு, தன் பொருளுக்கே மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை நிறுவனம் விலை கொடுத்து வாங்கினால்தான் இந்தச் சங்கிலி அறுபடாது. கடைப் பைக்கு அரசு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: 2023 முதல் 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள், 2025 முதல் 75, 2027 முதல் 100. பைக்கு முடிந்தது, பாத்திரம் கழுவும் திரவத்தின் பாட்டிலுக்கும் முடியும்.

உங்கள் அலமாரியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளின் வாடிக்கையாளர் முகவரிக்கு மூன்று கேள்விகள் எழுதிப் பாருங்கள். எந்தப் பொறுப்பு அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன? இந்த உறையின் அடுக்குகள் எவை, எந்த ஆலை இதை எடுக்கிறது? இதே உறையில் மறுசுழற்சிப் பொருள் எத்தனை சதவீதம்? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்கு ஆலையின் பெயரைச் சொல்லாமல் 'மறுசுழற்சிக்கு ஏற்றது' என்று மட்டும் எழுதினால், பெயரைக் கேட்டு மறுபடியும் எழுதுங்கள்.