நாய்க்கும் குதிரைக்கும் எந்த பிரஷ்? ரப்பரா, கம்பிப் பல்லா, மரக்கட்டையா?

நேரா சொல்லிடறேன். சுங்கை சிப்புட் பக்கம் மாதிரி செம்பனைத் தோட்டத்து ஓரமா வீடு வச்சிக்கிட்டு நாயோ குதிரையோ வளர்க்கிறவங்க, "ஒரே ஒரு பிரஷ்தான் வாங்குவேன், எத வாங்கறது"ன்னு கேட்டா நான் ரப்பர் பிரஷ்ஷத்தான் கை காட்டுவேன். குதிரைக்காரங்க ரப்பர் கரின்னு (curry comb) சொல்றாங்களே, ரப்பர்ல முண்டு முண்டா இருக்குமே, அது. எங்க வீட்டுல ஒரு கம்பத்து நாயும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் இருக்கு, அக்கா வீட்டுல ஒரு ஷி ட்சு, மாமா கொட்டாயில ஈப்போ ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன குதிரை ஒன்னு, அதோட ஒரு மட்டக்குதிரை. போன மழைக்காலம் முடிஞ்சு பார்த்தா பாதி பிரஷ் துரு, மீதி பூஞ்சை, எல்லாத்தையும் வீசிட்டு மறுபடி வாங்க வேண்டியதா போச்சு. அப்பத்தான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யோசிச்சேன்.

சட்டுனு முடியற சங்கதிய முதல்ல முடிச்சிடுவோம். கம்பத்து நாய், டோபர்மேன், பீகல் மாதிரி கட்டை முடி நாய்க்கு ரப்பர் போதும், வேற யோசனையே வேணாம். வட்டமா தேய்ச்சா உதிர்ந்த முடி, செதில், தூசி எல்லாம் மேல வந்துடும், நாயும் சுகமா சாஞ்சு குடுக்கும். நீள முடி நாய்க்கு ரப்பர் மட்டும் பத்தாது, அது எல்லாருக்கும் தெரியும்.

ஷெப்பர்ட், ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர் எல்லாம் ரெட்டை அடுக்கு முடி. மேல முரட்டு முடி, அடியில கம்பளி கணக்கா மெத்துனு ஒரு அடுக்கு. இதுக்கு ஃபர்மினேட்டர் மாதிரி பிளேடு வச்ச சாமான வாங்கச் சொல்லி நிறைய பேரு சொல்வாங்க. முடி கொத்து கொத்தா வரும், பார்க்கவே திருப்தியா இருக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த பல்லு ரொம்ப நெருக்கம், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப இழுத்தா உதிர்ந்த முடியோட நல்லா இருக்கற மேல் முடியும் அறுந்து வரும், தோலும் செவக்கும். ஒரிஜினல் வேணும்னா 100 வெள்ளிக்கு மேல வேற குடுக்கணும். எனக்கு ஷெப்பர்டுக்கு ரேக் போதும்னு பட்டுச்சு, அதான் நீளமா முனை மழுங்கின பல்லு வச்சது, மேல் முடிய தாண்டி அடி முடிய மட்டும் பிடிச்சு இழுக்கும். ரேக் போட்டுட்டு கடைசியா ரப்பர். அப்புறம் ஒன்னு, வெயில் அதிகமா இருக்குன்னு ஷெப்பர்டுக்கு மொட்டை போடாதீங்க, அந்த முடிதான் வெயில் நேரா தோலுல படாம காப்பாத்துது, வெட்டினா சில நாய்க்கு திட்டுத் திட்டாதான் திரும்ப முளைக்கும்.

ஷி ட்சு, பூடல் வகையில மட்டும் நான் ஸ்லிக்கருக்கு தோத்துப் போறேன், அதான் மெல்லிய வளைஞ்ச கம்பிப் பல்லு நெருக்கமா வச்ச பிரஷ். இந்த நாய்ங்களுக்கு முடி வளர்ந்துக்கிட்டே இருக்கும், உதிர்ற முடியும் கீழ விழாம உள்ளயே சிக்கிக்கும். மேலாக்க நீவி விட்டா பளபளன்னு இருக்கும், அடியில தோல ஒட்டி சிக்கு கட்டி கிடக்கும், குளிப்பாட்டினா அந்த கட்டி இன்னும் இறுகும், உள்ள ஈரம் தங்கி புண்ணாகிடும். அதனால முடிய வகிடு எடுத்து வகிடு எடுத்து ஸ்லிக்கர் போடணும், அப்புறம் இரும்புச் சீப்பு விட்டுப் பார்க்கணும், சீப்பு தடங்கல் இல்லாம அடியிலேர்ந்து வந்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். வாங்கறதுக்கு முன்னாடி ஸ்லிக்கர உங்க முழங்கை உள்பக்கத்துல லேசா இழுத்துப் பாருங்க, கோடு விழுந்தா வேணாம். நாய்த் தோலு நம்ம தோல விட மெலிசு. சுருட்டை முடியில என் அனுபவம் அக்கா வீட்டு நாயோட சரி, பூடல் வச்சிருக்கிறவங்க சொன்னா அவங்க பேச்ச நம்புங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். கடையில நிக்கும்போது யாரும் யோசிக்காத ஒன்னு, இந்த பிரஷ்ஷ எப்படி கழுவறது, எப்படி காய வைக்கிறது. நம்ம ஊரு காத்து எப்பவுமே ஈரம், மத்தியானம் மூனு மணிக்கு வானம் கறுத்தா சாயங்காலம் வரைக்கும் ஊத்தும், துணியே காய மாட்டேங்குது. ஸ்லிக்கர எடுத்துக்குங்க, அந்த கம்பியெல்லாம் ஒரு மெத்தையில குத்தி இருக்கும், கழுவினா தண்ணி மெத்தைக்குள்ள போய் உக்காந்துக்கும், வெளிய வர வழியே இல்ல. கொஞ்ச நாளுல கம்பி அடியில செவப்பா துரு கட்டும், அமுக்கினா அழுக்குத் தண்ணி கசியும், மோந்து பார்த்தா புளிச்ச வாடை. மரக்கட்டை பிரஷ்ஷும் அதே கதைதான், இயற்கை முடி வச்சது பார்க்க அழகு, பிடிக்க சுகம், ஆனா மழைக்காலத்துல நாலு நாள் கொட்டாயில தொங்கினா முடி வேருல வெள்ளையா பூத்துடும், மரம் ஊறி வெடிக்கும்.

இது வெறும் அழகு விஷயம் இல்ல. படர்தாமரைய உண்டாக்கற பூஞ்சை, மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு ஒன்னு, உதிர்ந்த முடியில ஒட்டிக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல கூட உயிரோட இருக்கும். நாய்கிட்டேர்ந்தும் பூனைகிட்டேர்ந்தும் பிள்ளைங்க கையில வட்ட வட்டமா வரும். அப்படி வந்த வீட்டுல பிரஷ்ஷுல இருக்கற முடிய முழுசா எடுத்து, சோப்பு போட்டு கழுவி, அப்புறம் தண்ணி கலந்த குளோரோக்ஸ்ல, அதான் பிளீச், பத்து நிமிஷம் ஊற வைக்கணும். முடியும் அழுக்கும் இருக்கும்போதே குளோரோக்ஸ் ஊத்தினா அது அழுக்கோட சண்டை போட்டே தீர்ந்து போயிடும். இந்த வேலைய ஸ்லிக்கருக்கு செஞ்சா துரு, மரத்துக்கு செஞ்சா முடி உதிரும். ரப்பருக்கு செஞ்சா ஒன்னும் ஆகாது, நல்லா அலசி உதறி ஆணியில மாட்டினா சீக்கிரம் காஞ்சிடும். தினப்படிக்கு பாத்திரம் கழுவற சோப்பே போதும், பிடிச்சிருக்கற முடியும் ஒரே இழுப்புல உருண்டையா கழண்டு வரும். ரொம்ப நாள் ஆனா ரப்பர் பிசுபிசுக்கும், அப்ப வீசிட்டு வேற வாங்கிக்க வேண்டியதுதான், பத்து பதினஞ்சு வெள்ளிதானே.

குதிரைக்கு வந்தா இது இன்னும் முக்கியம். மழையில நனைஞ்சு சரியா காயாத குதிரைக்கு முதுகுல, பின் பக்கத்துல பொருக்கு பொருக்கா வரும், பிச்சா முடி கொத்தோட கழண்டு கையில வந்துடும். டெர்மட்டோஃபிலஸ்ங்கற பாக்டீரியா வேலை அது. ஒரே பிரஷ்ஷ எடுத்து ரெண்டு குதிரைக்கும் போட்டா இதுக்கு வந்தது அதுக்கும் போகும். மாமா அதனாலதான் பெரிய குதிரைக்கு சிவப்பு, மட்டத்துக்கு நீலம்னு பிரிச்சு வச்சிருக்காரு, யாராவது மாத்தி எடுத்தா அன்னிக்கு கொட்டாயில பாட்டுதான். விலை கம்மியா இருந்தாத்தான் இப்படி ஆளுக்கு ஒரு செட்டு வாங்க முடியும், இதுவும் ரப்பருக்கு ஒரு பிளஸ்.

ரேஸ் குதிரை தரோபிரட் ஜாதி, தோலு மெலிசு, முடி கட்டை. கெட்டி பிளாஸ்டிக் கரி போட்டா காத பின்னால மடக்கிக்கிட்டு வால விசிறும், அதுக்கு வலிக்குதுன்னு அர்த்தம். மெதுவான ரப்பர்ல சின்னச் சின்ன முண்டு வச்சது வாங்குங்க. குதிரை வேர்வையில உப்பு அதிகம், லேத்தரின்ங்கற புரதமும் இருக்கு, அதுதான் நுரை கட்டறது, சேணத்துக்கு அடியில காஞ்சு போச்சுன்னா அப்படியே அப்பிக்கும். முதல்ல தண்ணி அடிச்சு வழிச்சு விட்டு, உடம்பு காஞ்ச பின்னாடி கழுத்து, தோள், விலா, பின் பக்கம்னு வட்டமா ரப்பர் போடணும், முகத்துலயும் முட்டிக்குக் கீழயும் வேணாம், அங்க எலும்புதான். ரப்பர் கிளப்பி விட்ட தூசிய முரட்டு நார் பிரஷ்ஷால, டாண்டின்னு விக்கிறது, வெடுக் வெடுக்னு தட்டி விடணும். முகத்துக்கு மெத்து பிரஷ் ஒன்னு, அதுவும் நைலான் வாங்குங்க, மர முதுகு வேணாம். இரும்பு கரின்னு ஒன்னு செட்டோட வரும், அது பிரஷ்ஷ சுத்தம் பண்றதுக்கு, குதிரை மேல போடக்கூடாது.

உதிர் முடி வழிக்கிற பிளேடு நம்ம ஊருக்கு தண்டம். குதிரை பகல் நீளத்த வச்சுதான் குளிர்கால முடி வளர்க்கும், உதிர்க்கும். இங்க வருஷம் பூரா பகல் அரை மணி நேரம் வாக்குலதான் கூடும் குறையும், அதனால குளிர் நாட்டுல மாதிரி திமுதிமுன்னு முடி கொட்டற சீசனே கிடையாது. கால்ல முடி தொங்கற பெரிய ஜாதி குதிரை எல்லாம் நான் தொட்டதில்ல, அத விட்டுடறேன்.

எது வாங்கினாலும் ஒரு இரும்புச் சீப்பு தனியா வேணும், தோட்டத்துல நடந்துட்டு வந்தா ஒட்டுப்புல்லு கால் இடுக்குலயும் வயித்துலயும் குத்திக்கிட்டு நிக்கும், அத ரப்பர் எடுக்காது. உண்ணியும் அப்படித்தான், காது மடிப்பு, விரல் இடுக்கெல்லாம் கைய விட்டுத்தான் பார்க்கணும்.

குதிரை வாலுக்கு மட்டும் எந்த பிரஷ்ஷும் வேணாம்லா. வால் முடி அறுந்தா நீளத்துக்கு வர வருஷக்கணக்காகும், ஒட்டுப்புல்லு மாட்டியிருந்தா கொஞ்சம் எண்ணெய் தடவி, நுனியிலேர்ந்து மேல மேல விரலாலயே பிரிச்சு விடுங்க. பக்கவாட்டுல நின்னு பிரிங்க, நேரா பின்னால நிக்காதீங்க.