பழைய மகிந்திரா ஜீப்புக்குக் குறைந்த செலவில் ஹேண்ட் பிரேக்

மகிந்திரா சிஜே 3பி ஜீப்பின் ஹேண்ட் பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்புறமுள்ள சிறிய டிரம் வழியாகப் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையே பிடித்து நிறுத்துவது. என் வண்டியில் டிரம்மும் கேபிளும் எப்போதோ கழற்றப்பட்டிருந்ததால், சரிவில் சக்கரத்துக்குக் கல் வைத்தே காலம் தள்ளினேன். மிதித்த பிரேக்கின் ஆயில் அழுத்தத்தை அப்படியே பூட்டி வைக்கும் ஹைட்ராலிக் லாக் வால்வு எளிதில் பொருந்தும் என்றாலும், பிரேக் ஆயிலின் அழுத்தம் மெல்ல இறங்கக்கூடும் என்பதால் இரவு முழுவதும் அதை நம்ப முடியாது. எனவே ஒரு சிறு பட்டறையில் பழைய டிரம், புது லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை), கேபிள் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்க்குப் பொருத்தச் செய்தேன். வேலை சுத்தம்தான், ஆனால் நான் சொல்லியும் பட்டறைக்காரர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை மாற்றாமல் விட்டதால், பத்தே நாளில் கியர் ஆயில் கசிந்து லைனிங் நனைந்து, லீவரை முழுதாக இழுத்தும் வண்டி நகர்ந்தது. மறுபடி பிரித்துச் சீல் மாற்றிய பிறகே பிடிப்பு வந்தது.